கண்டீரவ ராஜாவின் ஃப்ளஷ் டேங்க்

அருவி ஓயாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு காட்டில் கண்டீரவன் என்ற சிங்க ராஜாவும் சௌந்தரவல்லி என்ற ராணியும் வாழ்ந்துவந்தார்கள். மனிதர்கள் விட்டுப்போன விருந்தினர் மாளிகைதான் அவர்களுக்கு அரண்மனை.

ஒரு மழைக்காலத்தில் ராஜாவுக்குத் தொண்டை கட்டியது. மிளகு, மஞ்சள், மலைத்தேன் என்று ராணி எதைக் கொடுத்தும் சரியாகவில்லை. வாயைத் திறந்தால் பூனைக்குட்டி பால் கேட்பதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. கர்ஜிக்காத சிங்கத்தை யார் மதிப்பார்கள்? ராஜா குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், வந்த இடத்தில் ஆக வேண்டிய காரியத்தையும் முடித்துவிட்டு, டேங்கின் மேலிருந்த பட்டனை அழுத்தினார்.

அது சாதாரண ஃப்ளஷ் இல்லை. பீங்கான் டேங்குக்குள் இன்னொரு மூடிய டேங்க் இருந்தது. குழாய்த் தண்ணீர் ஏற ஏற அதற்குள் காற்று நெருங்கி இறுகிக் கிடக்கும். பட்டனைத் தொட்டால் போதும், அந்தக் காற்று தண்ணீரை ஒரே தள்ளாகத் தள்ளும். அன்று எழுந்த முழக்கத்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன. ஆற்றுக்கு அக்கரையில் மான்கள் அப்படியே படுத்துவிட்டன. ராஜாவுக்கு இந்த வயதில் இப்படி ஒரு குரலா என்று காடே பேசிக்கொண்டது.

அன்றிலிருந்து ராஜா நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். விருந்தாளி வந்தாலும் வழக்கு வந்தாலும், இதோ வந்துவிடுகிறேன் என்று உள்ளே போய் ஒருமுறை முழங்கிவிட்டு வருவார். காடு ஒழுங்காக நடந்தது.

ஒரு நாள் பட்டனை அழுத்தினார். 'புஸ்' என்றது. மறுபடி அழுத்தினார். தண்ணீர் நூலாக வழிந்துகொண்டே இருந்தது, முழக்கம் மட்டும் வரவில்லை.

ராஜா சத்தமில்லாமல் இருக்கிறார் என்ற சேதி சாயங்காலத்துக்குள் மேற்குச் சரிவை எட்டியது. அங்கே இருந்த சிறுத்தை புள்ளியப்பன் உடனே சவால் அனுப்பினான். மறுநாள் சபை நடுவே இருவரும் குரல் கொடுப்பது, யார் குரல் பெரிதோ காடு அவருக்கு. தான் ராஜாவானால் முயல்கள் யாரும் முதுமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது என்றும் சொல்லி அனுப்பினான். முயல்கள் முதலில் சந்தோஷப்பட்டன. பிறகு அதன் அர்த்தம் புரிந்து, அன்று புல்லைத் தொடவில்லை.

காட்டில் பிளம்பிங் தெரிந்தவள் நீர்நாய் கயல்மணி ஒருத்திதான். மறுநாள் விடிந்ததும் ராணியே போய் அவளைக் கூட்டிவந்தார். மூச்சு விடாமல் பேசுகிறவள் அவள். டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் வால்வில் ரப்பர் கிழிந்துவிட்டது, வால்வையே மாற்ற வேண்டும் என்றாள். முதலில் தண்ணீரை மூட வேண்டும், பட்டனை அழுத்தி உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட வேண்டும், அப்புறம்தான் வால்வில் கை வைக்க வேண்டும் என்றும் விளக்கிக்கொண்டே பைக்குள் ஸ்பேனரைத் தேடினாள்.

ராஜாவுக்கு அவசரம். அவள் தலை பைக்குள் இருந்தபோது, தாமே வால்வைப் பிடித்துத் திருகிவிட்டார். வால்வு பறந்துபோய்க் கூரையில் குத்தி நின்றது. ராஜா குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார், பிடரி சொட்டச் சொட்ட.

கயல்மணி பெருமூச்சு விட்டபடி போய்த் தண்ணீரை மூடினாள். புது வால்வின் ரப்பர் வளையத்தில் கிரீஸ் தடவி, மரை பிசகாமல் பொருத்தி இறுக்கினாள்.

"இது புது மாடல் ராஜா. பொட்டுச் சத்தம் வராது. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க" என்றாள் பெருமையாக.

ராஜா தொட்டிக்குள்ளேயே தேம்பினார். "எனக்குச் சத்தம் வேணும்மா. இந்தக் காட்டை ஆளுறது நான் இல்ல. அதுதான்."

கயல்மணி ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். எழுந்து வெளியே போனாள். அருவியிலிருந்து வரும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்க, குழாயில் மனிதர்கள் ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். அதைக் கழற்றி ஆற்றில் எறிந்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள். இனிமேல் தள்ளி நின்று அழுத்துங்கள் என்று மட்டும் ராஜாவிடம் சொன்னாள். அழுத்திப் பார்க்க நேரமில்லை. வாசலில் சபை கூடிவிட்டது.

புள்ளியப்பன் மேளதாளத்தோடு வந்தான். ஆனால் மாளிகைப் படியேறியதும் அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. அதுவரை அவன் எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. ராஜாவின் காதருகே குனிந்து, "உள்ள கொஞ்சம் போயிட்டு வந்துடட்டுமா?" என்றான்.

வீட்டுக்கு வந்தவரிடம் அதை எப்படி மறுப்பது? ராஜா தலையாட்டினார். புள்ளியப்பன் உள்ளே போனான். உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்தினான்.

அந்த முழக்கம் மலையில் மோதித் திரும்பிவந்து இன்னொரு தரம் முழங்கியது. குரங்குகள் மரத்திலிருந்து பழம்போல உதிர்ந்தன. புள்ளியப்பன் கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு மேலே போய், நாவல் மரத்தின் உச்சிக்கிளையைக் கட்டிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே தெப்பலாக நனைந்திருந்தான்.

சபை ராஜாவைப் பார்த்தது. அவர் வாய் மூடியிருந்தது. மரத்தைப் பார்த்தது. அங்கே புள்ளியப்பனுக்குப் பல் கிட்டித்துப்போயிருந்தது. பிறகு எல்லோரும் வரிசையாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். ராஜா தம் பூனைக்குட்டிக் குரலில் உண்மையைச் சொல்லித் தலைகுனிந்து நின்றார்.

யாருக்கும் கோபம் வரவில்லை. தும்பை என்ற முயல் டேங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இதுவரைக்கும் ஆண்டவங்க எல்லாரும் நம்மளையே தின்னாங்க. இது ஒண்ணுதான் நாம குடுக்கிறதை வாங்கிக்குது."

சபை யோசித்தது. தலையாட்டியது.

அன்றைக்கே டேங்குக்குக் காட்டுமல்லி மாலை சூட்டிப் பட்டாபிஷேகம் நடந்தது. புது ராஜாவைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள் என்பதால் கயல்மணி முதலமைச்சரானாள். முதலில் விசுவாசம் தெரிவித்தவன் புள்ளியப்பன், மரத்திலிருந்தபடியே. கண்டீரவன் இனி யாரையும் மிரட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதியில், ராணியின் மடியில் தலைவைத்துக் குறட்டை விட்டார். குடிமக்கள் எவரும் எந்த நேரமும் ராஜாவைத் தனிமையில் சந்திக்கலாம் என்பது சட்டமானது.

நீதி: நம் தலைமேல் உட்காரும் ராஜாவைவிட, நாம் மேலே உட்கார இடம் கொடுக்கும் ராஜாவே மேலானவர்.