குஞ்ஞிப்பாலு வீட்டு நீலத் தீ

காலையிலிருந்தே அடுப்பு சரியாக எரியவில்லை.

"எடீ அன்னக்குட்டி, தீ ஏன் இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கு?" குஞ்ஞிப்பாலு அடுப்புக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டு கேட்டார்.

"நாளைக்குச் சரியாயிடும். நீங்க பேசாம இருங்க" என்றாள் மனைவி.

பேசாமல் இருக்கிற ஆளா அவர்? சமையல் கழிவைப் போட்டால் கிருமிகள் அதைத் தின்று எரிவாயு தருகிற தொட்டியை அந்த ஊரில் முதலில் கொல்லையில் இறக்கியவர். "இனி என் வீட்டுல சிலிண்டர் நுழையாது" என்று கிராம சபையில் சபதம் செய்தவர். விருந்தாளி வந்தால் முதலில் தொட்டியைக் காட்டிவிட்டுத்தான் நாற்காலியைக் காட்டுவார். ஓணத்துக்கு முன்னால் தொட்டி கொஞ்சம் நாறியது. ஒரு புட்டி பினாயிலை அப்படியே உள்ளே கவிழ்த்தார். அதற்கப்புறம் தீ முன்னைவிட நீலமாக, கொழுகொழுவென்று எரிய ஆரம்பித்தது. எல்லாம் பினாயிலின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நாளைக் காலை பஞ்சாயத்துத் தலைவி ஓமனா வருகிறாள். அந்த அடுப்பில் போட்ட டீயைக் குடித்துவிட்டு, 'கழிவில்லா வீடு' என்ற பலகையை வாசலில் மாட்டுவாள். தீ மட்டும் காலை வாரிவிட்டால் அப்புறம் ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

"தொட்டிக்குப் பசி, வேறொண்ணும் இல்ல" என்றவர், மதியச் சோற்றையும் மத்திக் குழம்பையும் சட்டியோடு கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார்.

"மனுஷா, நாம எதைத் திங்கறது?"

"ஒரு நாள் பட்டினி கிடந்தா செத்தா போயிடுவ?"

சாயங்காலம் தீ இன்னும் சிறுத்தது. அடுத்த வீட்டுச் சாந்தப்பனிடம் ஓடினார்.

"சாந்தப்பா, உங்க வீட்டுக் குப்பை கொஞ்சம் குடேன்."

சாந்தப்பன் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "எதுக்கு? போன வருஷம் வாய்க்கால்ல கொட்டினேன்னு போட்டுக் கொடுத்தது நீங்கதானே. இப்போ சாட்சிக்கு மூட்டையையே கேக்கறீங்களா?"

"சத்தியமா தொட்டிக்குத்தான்டா."

"எங்க குப்பையைத் தொட்டா கையை உடைப்பேன்."

குப்பைக்காக ஒருவனிடம் திட்டு வாங்குகிற நாள் வருமென்று குஞ்ஞிப்பாலு கனவிலும் நினைத்ததில்லை. அவமானத்தை விழுங்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு ஸ்கூட்டரை விட்டார். மிச்சப் பிரியாணி ஒரு மூட்டை கிடைத்தது. அதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஆற்றுப்பாலத்துக்கு வந்தபோது, குப்பை கொட்டுகிறவர்களைப் பிடிக்க நின்றிருந்த இளைஞர்கள் வழி மறித்தார்கள்.

"சேட்டா, நீங்களா? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு மூட்டையோட பாலத்துக்கு வர்றீங்களே."

"நான் கொட்ட வரலடா. எடுத்துட்டுப் போறேன்."

"எங்கே?"

"என் வீட்டுக்கு."

ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "குப்பையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மலையாளி இன்னும் பொறக்கல சேட்டா. மூட்டையைத் தூக்கிப் பிடிங்க, ஒரு போட்டோ."

அவர் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. மூட்டையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் படுத்தவருக்குத் தூக்கமே வரவில்லை.

விடிந்ததும் அன்னக்குட்டி வாழைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கொல்லைக்குப் போனாள். அவர் பயத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

தலைவி பாதி ஊரோடு வந்தாள். ஒரு கையில் பலகை, மறு கையில் அபராத ரசீதுப் புத்தகம்.

"குஞ்ஞிப்பாலேட்டா, அடுப்பு எரிஞ்சா பலகை. எரியலைன்னா பாலத்துக்கு எதுக்குப் போனீங்கன்னு எனக்கு வேற பதில் வேணும்."

கர்த்தரை வேண்டிக்கொண்டு தீக்குச்சியை உரசினார். குப்பென்று பிடித்தது தீ. நீலமாக, கொழுகொழுவென்று, பாத்திரத்துக்கு வெளியே நாக்கை நீட்டியது.

"பார்த்தீங்களா? பிரியாணி," என்றார். "பிரியாணியும் பினாயிலும். தலைவி இதை எல்லா வார்டுக்கும் சொல்லணும்."

பாலத்து இளைஞர்கள் தலையைச் சொறிந்தார்கள். சாந்தப்பன்கூட வேறு வழியில்லாமல் கை தட்டினான். டீ வந்தது, குடித்தார்கள். அன்னக்குட்டி மட்டும் தலை நிமிராமல் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குஞ்ஞிப்பாலு நெஞ்சை நிமிர்த்திப் பலகையை வாங்கிக்கொண்டார்.

அப்போது கொல்லைப்புறக் கதவு வழியாகக் காக்கிச் சட்டை போட்ட ஷிண்டோ வியர்வையைத் துடைத்தபடி தலையை நீட்டினான்.

"சேச்சி, காலையில அவசரத்துல காலி சிலிண்டரை எடுக்க மறந்துட்டேன். எப்பவும் போல தொட்டிக்குப் பின்னாடி, வாழைச் சருகுக்கு அடியிலதானே இருக்கு?"