ஏழாவது அட்டை

முடியாது என்று சொல்லாமலே முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்களில் பல ரகம் உண்டு. ஆபீஸ்காரர் ‘ஃபைல் மேலே போயிருக்கு’ என்பார். பெண் வீட்டார் ‘வீட்டில் கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்பார்கள். இவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள். இவர்களுக்கெல்லாம் மேலே, யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாத உயரத்தில் ஒருவர் வீற்றிருக்கிறார். அவர்தான் சித்தம் பார்ப்பவர்.

சபை என்று ஒன்று இருந்தால் அதில் சித்தம் பார்ப்பவர் ஒருவர் இருந்தே தீருவார். கண்டுபிடிப்பது எளிது. ஜிப் வைத்த உறை போட்ட பெரிய வேதப்புத்தகம், அதற்குள் நான்கு நிறத்தில் பென்சில், எந்தக் கேள்விக்கும் முதலில் இரண்டு விநாடி கண்ணை மூடுவது, பிறகு கண்ணைத் திறந்து, “ஆண்டவருடைய சித்தம் என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்பது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வர முடியுமா? சித்தம் பார்க்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் இந்தப் பாய்களைக் கொஞ்சம் சுருட்டி வைக்க முடியுமா? அதற்கும் பார்க்க வேண்டும். ஆனால் அன்பின் விருந்தில் இரண்டாவது முறை பிரியாணி வரும்போது மட்டும் அவர் சித்தம் பார்த்ததாக வரலாறு இல்லை.

2002ஆம் வருஷம் பெரம்பலூர் துறைமங்கலத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியாக விளங்கியவர் பாக்கியநாதன். வயது நாற்பத்தெட்டு. கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். பொய் பேசமாட்டார், குடிக்கமாட்டார், கோபம் வந்தால் பாட்டுப் பாடுவார். எழுப்புதல் கூட்டங்களில் பிரசங்கியார், “யார் தங்களை முழுவதுமாக ஒப்புக்கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டு வாயை மூடுமுன் பந்தலில் உயரும் முதல் கை அவருடையதுதான். அரியலூரில் ஆறு முறை, திருமானூரில் மூன்று முறை, பாடாலூரில் மழை பெய்து பந்தல் ஒழுகியபோதும் ஒரு முறை, ஆகப் பத்து முறை தன்னை முழுவதுமாக ஒப்புக்கொடுத்திருக்கிறார். முழுவதுமாகக் கொடுத்ததை மறுபடி எப்படிக் கொடுத்தார் என்று கேட்கிறீர்களா? நடுநடுவே திரும்ப வாங்கிக்கொள்வார்.

முந்தின வருஷம் சபையில் மருத்துவ முகாம் நடந்தது. விரல் நுனியில் ஒரே ஒரு குத்து. அதற்கே மனிதர் வியர்த்து, ரூபாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டார். ரூபாவதி அவர் மனைவி. ரத்தப் பிரிவு பி நெகட்டிவ் என்று வந்தது. நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவைக்க, அடுத்த மூன்று ஞாயிறும், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் பாக்கியநாதன் எழுந்தார். முதல் வாரம் நூற்றில் ஒருவர், இரண்டாம் வாரம் ஆயிரத்தில் ஒருவர், மூன்றாம் வாரம், “லட்சத்தில் ஒருவனாக என்னைப் படைத்திருக்கிறார், ஏதோ ஒரு விசேஷ நோக்கம் இருக்கிறது.” சபை ஸ்தோத்திரம் சொன்னது.

அந்த விசேஷ நோக்கம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து செருப்பில்லாமல் வந்து வாசலில் நின்றது. பாப்பாத்தி.

“சார், திருச்சி ஆஸ்பத்திரியிலேருந்துதான் வரேன். சத்யாவுக்கு வவுத்துல கட்டியாம். திங்கக்கெழம காலையில ஆபரேசன். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ரத்தம் குடுக்கணுமாம், பி நெகட்டிவ்வாம். எங்க வூட்டு ஆளுங்க யாருக்கும் சேரல. உங்களுக்கு அதான்னு ரூபா அக்கா ஒருக்கா சொன்னாங்க.”

சத்யா பாப்பாத்தியின் ஒரே மகள். பாக்கியநாதன் வீட்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வருஷா வருஷம் ஒயர் இழுத்துக் கொடுக்கிற பெண். பாக்கியநாதனுக்கு அவள் மேல் பிரியம் உண்டு, மனதார உண்டு. ஆனால் விரல் நுனிக்கே வியர்த்தவருக்கு முழங்கை மடிப்பில் இறங்கப்போகிற ஊசி அந்தக் கணமே கண்முன் வந்து நின்றது. இரண்டு விநாடி கண்ணை மூடினார்.

“நீங்க போங்கம்மா. நான் ஆண்டவர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”

பாப்பாத்தி என்ன கண்டாள்? யாரோ ஆண்டவர் என்பவர் ஆபீசில் மேலதிகாரி போலிருக்கிறது, ஊரை விட்டுப் போக அவரிடம் அனுமதி கேட்கப்போகிறார் என்று நம்பி, கும்பிட்டுவிட்டுத் திருச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

உள்ளே பாக்கியநாதன் ரொட்டி வடிவத்திலிருந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். அதற்குள் வசன அட்டைகள். ஜெபித்துவிட்டு ஒன்றை உருவினால் அதுவே பதில் என்பது அவர் வழக்கம். உருவினார். முதல் அட்டை கொடுக்கச் சொன்னது. அட்டையை நன்றாகக் குலுக்காமல் எடுத்துவிட்டோம் என்று தோன்றியது, குலுக்கினார். இரண்டாவது அட்டை எழுந்து போகச் சொன்னது. மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியே பேசியது. நான்காவதும் ஐந்தாவதும் பயப்பட வேண்டாம் என்றன. ஆறாவது, நாளைக்கு என்று ஒத்திப்போடுகிறவனைக் கண்டித்தது. அதை முழுதாகப் படிக்காமல் உள்ளே போட்டார். ஏழாவது அட்டை பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னது.

“பாத்தியா ரூபா, எவ்வளவு தெளிவாப் பேசிட்டார். காத்திருன்றார்.”

ரூபாவதி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “அப்ப முதல் ஆறுல பேசுனது யாருங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் எந்த அட்டையிலும் இல்லை. பாக்கியநாதன் ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. விண்ணப்ப நேரம். சபையார் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் குறைகளைச் சொல்ல, பாஸ்டர் குறித்துக்கொண்டார். பாக்கியநாதனுக்கு மனசு கேட்கவில்லை. சத்யாவுக்கு எதுவும் செய்யாமல் இருக்க முடியுமா? கை தானாக உயர, எழுந்து, கண்ணில் நிஜமான நீரோடு சொன்னார்:

“எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பி நெகட்டிவ் ரத்தம் தேவை. அந்த ரத்தம் உள்ள ஒரு மனுஷனை ஆண்டவர் எங்கிருந்தாவது எழுப்பித் தரணும்னு எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்குங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எண்பது தலைகள் மெல்ல, மிக மெல்ல, அவர் பக்கம் திரும்பின. பாஸ்டரின் பேனா காகிதத்தின் மேல் நின்றுவிட்டது. பெண்கள் பக்கம் கடைசிப் பாயிலிருந்து பச்சையம்மாள் கேட்டாள். போன வருஷத்திலிருந்து கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள், ஞானஸ்நானம் எடுத்து நாலு மாதம்தான் ஆகிறது, எதை எப்போது கேட்கக்கூடாது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

“ஏன் ஐயா, அது உங்க ரத்தம்தானே?”

மூன்று வாரம் மேடை போட்டுச் சொன்ன சாட்சி. மறுக்க முடியுமா? பாஸ்டர் நோட்டை மூடினார். “பத்தே முக்காலுக்கு ஒரு திருச்சி பஸ் இருக்கு, பிரதர். நாங்க இங்க ஜெபிக்கிறோம், நீங்க ஏறுங்க.”

சபை ஸ்தோத்திரம் சொன்னது. அந்த ஸ்தோத்திரத்தில் கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தது.

பஸ்ஸில் பாக்கியநாதன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். ஊர் தாண்டியதும் மனைவி காதருகே, “இன்னைக்கு உபவாசம் இருக்கணும்னு ஒரு ஏவுதல் வருது, ரூபா. வெறும் வயித்துல ரத்தம் எடுக்கமாட்டாங்களாமே” என்றார். ரூபாவதி பையிலிருந்து எலுமிச்சம் சாதப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, அவர் மடியில் வைத்தாள். பாடாலூர் வருவதற்குள் பொட்டலம் காலி. ஏவுதல் அதற்குப் பிறகு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஏறியிருக்கும் என்று நம்பினார், சரியாக இருந்தது. எடையாவது குறையாதா என்று பார்த்தார், தாராளமாக இருந்தது. படுக்கவைத்து, கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டார். எறும்பு கடித்தது போல ஒன்று. பத்து நிமிஷம் கழித்து நர்ஸ், “எந்திரிச்சு டீ குடிங்க” என்றபோது, “எப்பம்மா குத்தப் போறீங்க?” என்று கேட்டார். நர்ஸ் சிரித்துக்கொண்டே பஞ்சைக் காட்டினாள்.

இவ்வளவுதானா? இதற்காகவா ஏழு அட்டை? பாக்கியநாதனுக்கு ஒரே குதூகலம். நிற்கிறவர் போகிறவரிடமெல்லாம் பேசினார், இரண்டு பிஸ்கட் அதிகமாகக் கேட்டு வாங்கினார், தான் ஒரு பெரிய வீரன் என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார். அப்போதுதான் பாப்பாத்தி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொலசாமி மாதிரி வந்தீங்க சார். இந்தப் புள்ள நேத்து சாயங்காலத்துலேருந்து கண்ணு மூடல. ரத்தம் கெடைக்குமா கெடைக்காதான்னு கேட்டுகிட்டே கெடந்துச்சு. சார் கேட்டுட்டு வரேன்னிருக்காரு, வந்துருவாருன்னு நான்தான் சொல்லிகிட்டே இருந்தேன்.”

அவள் நன்றியாகத்தான் சொன்னாள். பாக்கியநாதன்தான் மிச்ச பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார். அவர் அட்டை உருவிய நேரமெல்லாம் அந்தப் பெண் விழித்திருந்தாள். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊசியைவிட அது அதிகமாக வலித்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிறு சாட்சி நேரம். பாக்கியநாதன் எழுந்ததும் சபை அரைமணி நேரத்துக்கு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. “ஆண்டவர் சொன்னார், நான் உடனே கீழ்ப்படிந்தேன்” என்று தொடங்கினார். கடைசிப் பாயில் பச்சையம்மாள் லேசாக இருமினாள். பாக்கியநாதன் திருத்திக்கொண்டார். “உடனேன்னா… மறுநாள்தான். அதுவும் நீங்கள்லாம் புடிச்சுத் தள்ளுனதால” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமான சாட்சி அதுதான். மற்றவற்றை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

இந்த இனம் கோயிலுக்குள் மட்டும் வளர்கிறது என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்களே, வாசகரே, உங்களை ஒன்று கேட்கலாமா? இந்த வாரம் உங்கள் வாசலில் யாரோ வந்து எதையோ கேட்டார்களே, நீங்களும் மரியாதையாக ஏதோ சொல்லி அனுப்பிவைத்தீர்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் வருவீர்கள் என்று அவர் இந்நேரம் வீட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.