அரைமூளை நைனா

ஆட்டு மூளையைப் பாதியாக அறுத்து, அதிலும் இடது பாதிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் ராயபுரத்தில், எனக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். மார்க்கெட்டில் அவருக்கு அரைமூளை நைனா என்று பெயர். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

சுதந்திரம் வந்த புதிது. தெற்கே இருந்து வந்த நான் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா; கூலிக்காரர்கள் வாயில் 'ரைட்டர்'. அவர் அங்கே பாரம் தூக்கும் வின்ச் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது என்பதால் நானே சமைத்துக்கொள்ளக் கறிக்கடைக்குப் போனேன். அங்கே கடைக்கார பாயோடு அவர் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"எடப்பக்கம் மட்டும் குடு பாய்."

"வலப்பக்கத்த எவன் தலையில கட்றது நைனா?"

"அது உன் பாடு. நடுவுல வகிடு கீது பாரு. அந்தாண்ட பக்கம் எனுக்கு வேலைக்கு ஆவாது."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மிச்சப் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அன்று முதல் ஞாயிறுதோறும் ஒரே மூளையைப் பங்குபோட்டுக்கொண்டு சிநேகிதர்களானோம். எனக்கு அந்த ஊரில் வேறு சிநேகிதர் கிடையாது.

டீக்கடையில் உட்கார்ந்தால் கையில் பன்னை எடுத்துக்கொள்வார். "இது பெருமூள. யோசிக்கிறது, பாக்குறது, பேசறது எல்லாம் இங்க. பின்னால அடியில கீறது சிறுமூள. ஆடாம நடக்கறதுக்கு அது. அதுக்குக் கீய தண்டு. மூச்சு வுடறத அது பாத்துக்கும்." சொல்லி முடித்துவிட்டுப் பெருமூளையை டீயில் நனைத்துச் சாப்பிடுவார். எங்களுக்குப் பன் இறங்காது. குடித்துவிட்டுத் தள்ளாடிப் போகிறவனை யாராவது வைதால், "அவன் இன்னா பண்ணுவான், சிறுமூள ஊறிப்பூட்ச்சி" என்று வக்காலத்து வாங்குவார். ஒரு நாள் வேலைக்குத் தாமதமாக வந்தபோது மேஸ்திரியிடம் அவர் சொன்ன காரணம்: "முன்மண்ட அப்பவே கெளம்பிட்ச்சி சார். மிச்சம் எழுந்திருக்கல."

அவர் வீட்டுக்குப் போன அன்றுதான் என் சிரிப்பு நின்றது. அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழாயடியில் விழுந்தவராம். வலது கையும் காலும் போய், பேச்சும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் படம் போட்டுக் காட்டி, கோளாறு மூளையின் இடது பக்கத்தில் என்று சொல்லியிருக்கிறார்.

"கம்பி குறுக்கால போவுது ரைட்ரே. வலது கைக்கு எடப்பக்கம். பேச்சும் எடப்பக்கந்தான். நாம பேசறது அவளுக்குப் புரியுது. புரியிற எடம் வேற."

எலும்பு முறிந்தவனுக்கு ஆட்டுக்கால் சூப், ரத்தம் குறைந்தவனுக்கு ஈரல் கொடுப்பார்கள். அப்படியானால் பேச்சுப் போனவளுக்கு? இந்தக் கணக்கு எந்த டாக்டருக்கும் தோன்றாதது. இடது பாதியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து ஊட்டுவார். ஊட்டிவிட்டு அந்த அம்மாளின் வாயருகே காதை வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கேள்வியும் அவரே கேட்டு, பதிலும் அவரே சொல்லிக்கொள்வார்.

ஒரு மழை நாளில் சேற்றுக் காலோடு உள்ளே போயிருக்கிறார். "கஸ்மாலம்" என்று கணீரென்று ஒரு குரல். மனைவிதான். நைனா தெருவில் இறங்கி ஓடி, "என்னெ திட்டிட்டா, திட்டிட்டா" என்று வீடு வீடாகச் சொன்னார். தெருவே வந்து வாசலில் நின்றது. அந்த அம்மாள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரிடம் என்னையும் அழைத்துப் போனார். வசவும் பாட்டும் யோசிக்காமல் தானாக வருபவை, அவை வலது பக்கத்திலிருந்து வரலாம், இதை வைத்துப் பேச்சு திரும்பும் என்று நம்ப வேண்டாம் என்றார் டாக்டர். நைனாவின் காதில் 'வலது பக்கம்' மட்டும்தான் விழுந்தது. வெளியே வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ இத்தினி நாளா அவ பங்க நீ துன்னுகினு இருந்துகீற."

அடுத்த ஞாயிறு முதல் எனக்கு இடது பாதி.

அதன்பிறகு மனிதர் செய்த அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல. பாயில் பீடிச் சாம்பல் தட்டுவார், துவைத்த புடவையில் கை துடைப்பார். வசவு கிடைத்த மறுநாள் புது மாப்பிள்ளைபோல வேலைக்கு வருவார். "நேத்து நல்லா வாங்கினேன் ரைட்ரே." எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னைத் திட்டக்கூட ராயபுரத்தில் ஆளில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மாள் போய்விட்டார். "தண்டும் நின்னுபூட்ச்சி" என்றார் நைனா. மூளையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு பகல் வேளையில் என் அறைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்தார். மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காலால் தள்ளினார். பானை உடைந்து பாய், வேட்டி, அரிசி எல்லாம் நனைந்தன. அவர் நகரவில்லை.

"இன்னா ரைட்ரே, ஒன்னும் சொல்லமாட்டியா?"

"உட்காருங்க நைனா."

"திட்டுப்பா. ஒரே ஒரு தபா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மூளை இரண்டு பக்கமும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.