வானத்தைப் பார்த்துச் சுட்டதில் மச்சான் காலமான விவரம்

தோட்டத்து வீடு,
ஆனைக்குட்டம் அருகே.
மார்கழி 14, திங்கள்.

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் ஒச்சப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை நாகஜோதியின் வீட்டுக்காரன் ஜெயபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கே நலம். உங்கள் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. இந்த முறை கேட்கவில்லை, நேரடியாக விசாரித்தே விட்டேன்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். இன்று காலை ஏழரை மணிக்கு உங்கள் மனைவி பொன்னுத்தங்கம் அக்கா சென்னையிலிருந்து போனில் இதை உறுதிப்படுத்தினார்கள். இட்லி சாப்பிடுகிறீர்கள் என்றும், சட்னியில் உப்பு இல்லை என்று குறை சொல்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கே இருக்கும் அந்த ஒரே போன் வாளித் தண்ணீரில் விழுந்து, வெள்ளிக்கிழமையிலிருந்து பழுது பார்க்கும் கடையில் கிடந்ததாம். ஆனால் நீங்கள் இருக்கிற செய்தியை ஊரில் இதுவரை ஒருவரும் ஏற்கவில்லை. நடந்ததைப் போனில் சொன்னால் ‘துப்பாக்கி’ என்ற சொல்லைக் கேட்டதுமே நீங்கள் கத்தத் தொடங்குவீர்கள், மீதி உங்கள் காதில் ஏறாது. ஆகவே அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் இதை எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கத்தவும்.

நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன மூன்று ஏக்கர் மக்காச்சோளம் கதிர் முற்றி நிற்பது உங்களுக்குத் தெரியும். அறுவடை இயந்திரம் இந்த வாரச் சனிக்கிழமைதான் வரும். அதற்குள் காட்டுப்பன்றி வந்துவிட்டது. கண்மாய்ப் பக்கமிருந்து பொழுது சாயும்போது வருகிறது, ஒரு கதிரைத் தின்பதற்குப் பத்துத் தட்டையைச் சாய்க்கிறது. தின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் மச்சான், படுத்து உருளுகிறது. பன்றியைச் சுட நமக்கு அனுமதி கிடையாது என்பதை அறிவேன். உங்கள் தாத்தா முயலும் கவுதாரியும் அடித்த துப்பாக்கிதான் என்றாலும், இன்றைக்கு அதை வைத்து வானத்தைப் பார்த்துச் சுட்டு அதட்டலாம், அவ்வளவுதான். உரிமத்தில் துணையாளாக என் பெயரையும் நீங்கள் சேர்த்திருப்பதால் அதட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை நாகஜோதி இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு வைக்கப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் தடுத்திருப்பாள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆளுயரம், பித்தளைப் பூண், குழாயின் வாய் வழியாக மருந்தைப் போட்டுக் கம்பியால் கிட்டிக்கிற பழைய வகை. எல்லாம் சரி, மருந்தைக் காணோம். டப்பாவில் இருந்தது நமத்துப்போய்க் களியாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் சிநேகிதர் வெள்ளைத்துரை வந்தார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறாரே, அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். “இதுக்கா அண்ணாச்சி மொகம் வாடி உக்காந்திருக்கீக? மருந்து மருந்துதான். சட்டியில போட்டாப் புஸ்வாணம், குழாயில போட்டாத் துப்பாக்கி” என்று காரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். அது என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் வாத்தியாராக எல்லோரையும் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் விட்டதற்கு இன்னும் காரணம் விளங்கவில்லை. அவர் தொழில் தெரிந்தவர் என்று நான் நினைத்தேன். நான் துப்பாக்கி தெரிந்தவன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

பொழுது சாய்ந்ததும் ஒரு பெரிய பன்றியும் நாலு குட்டிகளும் வரப்பேறி வந்தன. நான் குழாயை வானத்துக்கு நிமிர்த்தி விசையை இழுத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உஸ்ஸென்று புகைந்தது. பிறகு தோளில் கழுதை உதைத்ததுபோல ஒரு வெடி, மேலே போய் இன்னொரு வெடி, அங்கிருந்து பச்சையும் சிவப்புமாகப் பொறிகள் குடை விரித்து ஆனைக்குட்டம் அணை வரைக்கும் வெளிச்சம். வெள்ளைத்துரை கைதட்டினார். “நம்ம புது அயிட்டம் அண்ணாச்சி, வார சீசனுக்கு!” என்றார். பன்றிகள் ஓடவில்லை. நின்று அண்ணாந்து பார்த்தன. நான் நேரில் கண்டது இது. பட்டாசுக் கம்பெனிகளில் வருஷம் முழுக்கச் சோதனை வெடி கேட்டு வளர்ந்த பன்றி இது மச்சான், அதற்கு இதெல்லாம் தாலாட்டு. வெடி அடங்கியதும் மறுபடி குனிந்து தின்றன.

கால் மணி நேரத்தில் ஆள் வரத் தொடங்கியது. முதலில் உங்கள் சித்தி ஆவுடைத்தாய், தலைவிரி கோலம். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன்.

“எப்படி மாப்ள ஆச்சு?”

“எனக்கே வெளங்கல சித்தி. ஒரே நொடிதான்.”

“கஷ்டப்படலையே?”

“தோள்பட்டை மட்டும் விண்ணுன்னு வலிக்குது.”

“ஐயோ, தோள்பட்டை வலியா! நெஞ்சுதான்டி, நெஞ்சுதான்!” என்று சித்தி தரையில் விழுந்தார்கள். எல்லோரும் விழுந்தார்கள். யாருக்கு நெஞ்சு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கலர் வெடியாப் போட்டிருக்காகளே, கல்யாணச் சாவுதான்” என்றாள். உங்களுக்கு அறுபத்தெட்டுத்தானே ஆகிறது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது செத்தது நீங்கள் என்பதே எனக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு நாகஜோதி வந்து, கூட்டத்தைப் பார்த்துக் கதறி, பிறகுதான் விஷயம் வெளியானது. உங்கள் வீட்டுத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்தால் வீட்டுத் தலைவர் காலமானார் என்று அர்த்தமாமே? உங்கள் தாத்தாவுக்கு வெடித்ததாம், ஐயாவுக்கு வெடித்ததாம், மூன்றாவதாக இப்போது. உரிமத்தில் என் பெயரைச் சேர்த்த அன்றைக்கே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மச்சான். பன்றிக்காகச் சுட்டேன் என்று சத்தியம் செய்தேன். “தங்கச்சிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாள்னு மறைக்காரு, நல்ல மனுசன்” என்று என்னையே பாராட்டினார்கள். உங்களுக்குப் போன் போட்டால் அணைந்திருந்தது. சனிக்கிழமை காரியாபட்டியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தம் வந்தது. யாரோ வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி முற்றத்தில் இரைந்துகொண்டு நிற்கிறது, சென்னையிலிருந்து நீங்கள் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள், இத்தனை பேர் சொல்லும்போது இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மன்னிக்கவும்.

இன்று காரணம் சொல்லாமல் அக்காவிடம் கேட்டு வாங்கிய வீடியோவைக் கூட்டத்தில் காட்டினேன். இட்லியைப் பிட்டுக்கொண்டு “உப்பே இல்லடி” என்கிறீர்கள். “இப்பல்லாம் செத்தவுகளையே கம்ப்யூட்டர்ல பேச வைக்காக” என்றான் ஒருவன். சித்தி மட்டும் போனை வாங்கி மூன்று தடவை பார்த்தார்கள், நம்பிவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். “கடைசி வரைக்கும் உப்பில்லாமத் தின்னுட்டுப் போயிட்டியே ராசா!” என்று புதிதாக ஒரு ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் துப்பாக்கி. உரிமதாரர் இறந்தால் ஆயுதத்தை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சனிக்கிழமையே சப்-இன்ஸ்பெக்டர் வந்து எடுத்துப்போய்விட்டார். நீங்கள் உயிரோடு இருப்பதை இன்று அவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரி சார், காலஞ்சென்றவர் எப்ப நேர்ல வருவாரு?” என்றார். வெள்ளிக்கிழமை அது மாவட்ட ஆயுதக் கிடங்குக்குப் போய்விடுமாம். போனால் திரும்ப வர வருஷக் கணக்காகும் என்று அவரே சொன்னார். ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் பஸ் ஏறி வியாழக்கிழமைக்குள் நேரில் வந்து நிற்கவும். நீங்கள் வந்தால்தான் சித்தி எழுந்து சாப்பிடுவார்கள், துப்பாக்கி வீடு திரும்பும், சோளமும் பிழைக்கும். நீங்கள் பல்லாண்டு வாழ்க என்று இந்த வருஷம் வேண்டிக்கொள்வது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல.

அக்காவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
ஜெயபாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் நாகஜோதி தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். “ஏங்க, வெள்ளிக்கிழமை ராத்திரியில இருந்து ஒரு தட்டைகூடச் சாயலைங்க” என்கிறாள். நானும் போய்ப் பார்த்தேன், உண்மை. மூன்று ராத்திரியும் முற்றத்தில் விளக்கு, கூட்டம், விடிய விடிய ஒப்பாரி. வெடிக்கு அசையாத பன்றி உங்கள் சித்தியின் குரல் கேட்டு வரப்பிலேயே திரும்பிப் போயிருக்கிறது, காலடித் தடம் கிடக்கிறது. எனவே மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். பஸ் ஏற வேண்டாம். போனை மறுபடி வாளியில் போட்டாலும் நல்லது. துப்பாக்கி கிடங்குக்குப் போனால் போகட்டும், அதற்கு ஒரு குட்டிகூடப் பயப்படவில்லை. நீங்கள் வந்து சேரும் வரை நகர மாட்டோம் என்று கூட்டம் உறுதியாக இருக்கிறது, நாகஜோதியும் சற்று முன் போய் அவர்களோடு உட்கார்ந்து அழத் தொடங்கியிருக்கிறாள். அறுவடை இயந்திரம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவதாக ஓட்டுநர் சொல்லியிருக்கிறார், மாலைக்குள் முடியும். அதுவரை தயவுசெய்து காலஞ்சென்றவராகவே இருக்கவும்.