முன் சீட்டில் அம்மி

அவுஸ்திரேலியாவில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதை ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் நுவரெலியா அண்ணைதான். வானொலி சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். பேப்பரில் போட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருடைய சொந்த மூக்கு ஒழுகிக்கொண்டு சாட்சி சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எழுபதுகளில் சிட்னியில் இருந்த தமிழர்கள் எல்லோரையும் ஒரு வீட்டு விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்துவிடலாம். அப்படிப்பட்ட காலம். பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலகை வீட்டில் நானும் அண்ணையும் வாடகைக்கு இருந்தோம். நான் படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பொறியியல் கந்தோரில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஜூலை மாதக் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். அண்ணை அரைக்கைச் சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து, பல் கிடுகிடுக்கப் பேப்பர் வாசிப்பார்.

"அண்ணை, உள்ளை வாங்கோ. குளிருது."

"இது குளிரோடா? நான் நுவரெலியாவிலை இருக்கேக்கை வாளித் தண்ணி கல்லாப் போகும். உடைச்சுத்தான் முகம் கழுவுறது."

இலங்கை மலைநாட்டில் இருக்கும் அந்த நுவரெலியாவில், அண்ணை சொன்னபடி, முதல் வருடம் உறைந்தது தண்ணீர். அடுத்த வருடம் மண்ணெண்ணெய் உறைந்தது. அதற்கடுத்த வருடம் பக்கத்து வீட்டு மாட்டின் மடியிலேயே பால் உறைந்துவிட்டது. எங்கள் குசினியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் மெழுகுதிரி போல இறுகி நிற்கும். அதைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டுவேன்.

"அந்த எண்ணெய்க்கு உடம்பிலை சத்தில்லை" என்பார்.

இப்படிப்பட்டவர் வாங்கிய காருக்குக் கூரை இருக்குமா? இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீட். கூரைத்துணியை முந்திய சொந்தக்காரரின் கராஜிலிருந்த பொசம் என்ற மரப்பிராணி தின்றுவிட்டதாம். வயர்களையெல்லாம் அண்ணை தன் கையாலேயே மாற்றியிருந்தார். அதனால் ஹோர்ன் அடித்தால் இடதுபக்க சிக்னல் எரியும். மழைத் துடைப்பானைப் போட்டால் ஹோர்ன் அடிக்கும். மழை நாளில் நாங்கள் தெருவால் போனால் சனம் வழி விட்டு நிற்கும்.

அண்ணைக்குக் கல்யாணம் சரிவந்தது. பெண் மகேஸ். யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு, தமையனாரின் வீட்டுக்கு வந்திருந்தார். தமையனார் டொக்டர். பயங்கரக் கண்டிப்பு. அண்ணை போய் மகேஸைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, சோறு வேகுதோ கருகுதோ என்று தெரியாமல் அடுப்பின் முன்னே சிரித்துக்கொண்டு நின்றார். மூன்று வருடமாகத் தானே சமைத்துத் தின்ற மனிதர். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் டொக்டர் ஒருமுறை சிட்னிக்கு வந்தபோது காரைக் கண்டுவிட்டார். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"தம்பி, மரியாதையா ரயிலிலை வாரும். அந்தக் கூரையில்லாத சாமானிலை வந்தீரெண்டால் வந்த வழியாலையே திரும்ப வேண்டியதுதான். ஒரு காருக்குக் கூரை வேணுமெண்டு தெரியாத ஆளை நம்பி என்ரை தங்கச்சியை என்னெண்டு குடுக்கிறது?"

"ஓம், ரயிலிலைதான் வாறன்" என்றார் அண்ணை. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அம்மி வந்து குறுக்கே நிற்கும்வரை.

தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து அம்மியில் வைக்க வேண்டும் அல்லவா? மெல்பேர்ண் முழுக்கத் தேடியும் அம்மி கிடைக்கவில்லை. செங்கல் வைக்கலாமே என்று யாரோ சொல்ல, ஐயர் கோபித்துக்கொண்டாராம். எங்களுக்குத் தெரிந்து இந்தக் கண்டத்திலேயே ஓர் அம்மிதான் இருந்தது. அது எங்களுக்குப் பக்கத்தில் நார்த்மீட்டில் இருந்த, தெரிந்த அன்ரி ஒருவரின் குசினியில் இருந்தது. ஊரிலிருந்து கப்பலில், சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த அம்மி. தினமும் அதில் சம்பல் அரைப்பார். அன்ரி கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் ரயிலில் போகக்கூடாதாம்.

"லக்கேஜ் பெட்டியிலையோ? தூக்கி எறிஞ்சு உடைச்சுப்போடுவாங்கள். என்ரை மாமியார் தந்த கல்லு. கையோடை காரிலை கொண்டுபோய்க் கையோடை கொண்டு வா. அல்லாட்டிக் கல்லு இல்லை."

"அன்ரி, அந்தக் காரிலை வந்தாப் பொம்பிளை இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றேன் நான்.

"கல்லு இல்லாட்டியும் பொம்பிளை இல்லை. எது வசதியெண்டு பாத்துச் செய்யுங்கோ" என்று அன்ரி சம்பலை வழித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணை மனதுக்குள் கணக்குப் போட்டார். வந்ததும் திட்டம் சொன்னார். காரிலேயே போவது. கல்யாண மண்டபத்துக்கு அடுத்த தெருவில் காரை ஒளித்துவிட்டு, கல்லைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்தவர்கள் மாதிரி நடந்து போவது. ரயிலில் வந்தவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று கண்ணாடிக்கு முன்னால் பழகியும் பார்த்தார். மாப்பிள்ளைத் தோழனாக நானும் கூட.

புறப்படும்போதுதான் அடுத்த பிரச்சினை. அம்மியைப் பின்னால் சாமான் வைக்கும் பலகையில் வைத்தால், கார் அசைந்ததும் கல் வழுக்கியது. ஆகவே அம்மி முன் சீட்டில்.

"அப்ப நான்?"

"நீ மெலிஞ்ச ஆள்தானே. பின்னாலை ஏறு."

"பின்னாலை சீட்டே இல்லையே அண்ணை!"

"சீட் இருந்தால் அதைக் கார் எண்டு சொல்லுவினம். இது ஸ்போர்ட்ஸ் காரடா."

பலகையில் நான் முழங்காலைக் காதோடு சேர்த்துச் சுருண்டேன். அன்ரி வாசலில் நின்று கடைசி உத்தரவு போட்டார். "வெறுங்கல்லை உறைபனியிலை கொண்டு போகாதை. வெடிச்சுப்போடும்." எங்களிடம் இருந்தது ஒரேயொரு கம்பளிப் போர்வை. அண்ணை ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அதை அம்மிக்குப் போர்த்தி, நாலு பக்கமும் சொருகி, சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

கோல்பேர்ண் தாண்டியதும் காற்று என் காதை அறுத்தது. குரங்குத் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர், காலில் இரண்டு சோடி சொக்ஸ், ஒன்றும் உதவவில்லை.

"அண்ணை, அந்தப் போர்வையைக் கொஞ்ச நேரம் தாங்கோவன்."

"கல்லுக்குக் குடுத்ததைப் பறிக்கிறதோ? அன்ரிக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"சரி, நீங்களாவது போத்துங்கோ. வெறும் கோட்டோடை இருக்கிறியள்."

"எனக்கென்னடா? இது குளிரோ?" என்றார். பல் அடித்துக்கொண்டதில் இந்த ஒரு வசனம் முடிய ஒரு பாலத்தைக் கடந்துவிட்டோம். அவருடைய மீசை நரைத்தது மாதிரி வெள்ளையாகியிருந்தது.

வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அண்ணை கோப்பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். ஏன் என்று கேட்டேன். "சரியான சூடு. ஆறட்டும்" என்றார். தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணியான பிறகும் கோப்பையை விடவில்லை. கடைக்காரப் பெண் பாவப்பட்டு இன்னொரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் கட்டிப் பிடித்தார்.

அன்றிரவு ஆல்பரியில் தங்கினோம். அறையில் ஹீற்றருக்குப் பக்கத்து இடம் அம்மிக்கு. காலையில் எழுந்து பார்த்தால் கார் முழுக்க உறைபனி. சாப்பாட்டுத் தட்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். கார் கிளம்ப மறுத்தது. லொறிக்காரர்கள் இரண்டு பேரும் நானும் தள்ளோ தள்ளென்று தள்ளி, அது இருமிக்கொண்டு உயிர் பெற்றபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மாலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேருவோமா என்ற பயம் அப்போதுதான் வந்தது. அண்ணை நுவரெலியாவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அதுதான் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

வங்கரட்டா தாண்டி ஒரு பொலிஸ்காரர் மறித்தார். நல்ல உயரமான வெள்ளைக்காரர். காரைச் சுற்றி வந்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். சீட் பெல்ட் கட்டாயம் என்று சட்டம் வந்து கனகாலம் ஆகாத நேரம்.

"கல்லுக்குப் பெல்ட் இருக்கிறது. பின்னால் மடித்து வைத்திருக்கும் ஆளுக்கு எங்கே?"

அண்ணை ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னார். "எனக்கு இன்றைக்குக் கல்யாணம். இவன் இல்லாமல் நடக்கும். கல் இல்லாமல் நடக்காது."

நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

பொலிஸ்காரர் அண்ணையின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தன் காரிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வந்து, என்னைக் காரோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். "சட்டத்துக்கு இது போதாது. என் மனதுக்குப் போதும். மெதுவாகப் போ, மாப்பிள்ளை" என்று அண்ணையின் முதுகில் தட்டினார்.

மெல்பேர்ண் கண்ணுக்குத் தெரியும்போது மழை தூறியது. அண்ணை மறதியாகத் துடைப்பானைப் போட்டார். ஹோர்ன் அடித்தது. துடைப்பானை நிறுத்தினார். ஹோர்ன் நிற்கவில்லை.

"வயரைப் பிடுங்குங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

"எந்த வயரைப் பிடுங்கினால் எது நிக்குமெண்டு எனக்கே தெரியாதடா! எஞ்சின் நிண்டால் கல்யாணமும் நிண்டிடும்!"

அடுத்த தெருவில் ஒளிப்பதாவது! ஊரையே எழுப்பிக்கொண்டு போனோம். ஒளிப்பதில் இனிப் பிரயோசனமில்லை என்று அண்ணை நேரே மண்டப வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் காலத்து மெல்பேர்ணில் நாதஸ்வரத்துக்கு எங்கே போவது? மாப்பிள்ளை அழைப்புக்குத்தான் ஏதோ புதுமாதிரி ஏற்பாடு என்று நினைத்து, சனம் ஆரத்தித் தட்டோடு வெளியே ஓடி வந்தது.

முன்னுக்கு வந்தவர் டொக்டர். கூரையில்லாத காரைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஏதோ சொன்னார், ஹோர்ன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆத்திரத்தில் காரின் எஞ்சின் மூடியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஹோர்ன் டக்கென்று நின்றது. அதனால் அவர் அடுத்துச் சொன்னது எல்லோருக்கும் வடிவாகக் கேட்டது.

"கல்லை இறக்குங்கோ. ஆளைத் திருப்பி அனுப்புங்கோ."

அண்ணை வாயைத் திறந்தார். குளிரில் தாடை விறைத்து வார்த்தை வரவில்லை. ஐயோ, அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன். எழும்பிப் போய் நாலு வார்த்தை பேசலாம் என்றால் நான் கயிற்றில் கட்டுண்டு கிடந்தேன். ஈரத்தில் முடிச்சு அவிழ மாட்டேன் என்றது.

அப்போது மகேஸ் அக்கா வாசலுக்கு வந்தார். பாதித் தலையில் பூ, பாதித் தலையில் இல்லை. யாரோ பிடித்து இழுத்தும் நிற்காமல் வந்து, முன் சீட்டைக் குனிந்து பார்த்தார். போர்வையின் ஓரத்தைத் தொட்டார். பெல்ட்டைப் பார்த்தார். அண்ணையின் வெறும் கைகளைப் பார்த்தார்.

"அண்ணா, இஞ்சை வந்து பாருங்கோ. கல்லுக்குப் போர்வை போத்தியிருக்கிறார். பெல்ட்டும் போட்டிருக்கிறார். தான் விறைச்சுப்போய் நிக்கிறார். ஆரோ ஒரு அன்ரியின்ரை கல்லையே இப்பிடிப் பாக்கிற மனிசன் என்னைக் கைவிடுவாரோ? கூரையைப் பிறகு போடலாம்."

டொக்டர் குனிந்து, சொருகியிருந்த போர்வையை இழுத்துப் பார்த்தார். பிறகு பெல்ட்டைத் தன் கையாலேயே கழற்றினார். "கல்லை உள்ளை தூக்குங்கோ. முகூர்த்தம் போகுது" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உதிலை கட்டிக் கிடக்கிறது ஆர்?"

பூசணிக்காய் வெட்டிய கத்தியால் என்னை அறுத்து இறக்கினார்கள்.

தாலி கட்டியாயிற்று. அம்மி மிதிக்கும் நேரம் வந்தது. அண்ணை குனிந்து அக்காவின் காலைப் பிடித்தார். அக்கா துள்ளிப்போனார். கல் இளஞ்சூடாக இருந்ததாம், கைதான் ஐஸ்.

"குளிருதோ?" என்று அக்கா மெல்லக் கேட்டார். தோழன் என்பதால் பக்கத்தில்தான் நின்றேன்.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "ஓமப்பா. சரியான குளிர்" என்றார்.

என் காதையே நம்ப முடியவில்லை. கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நுவரெலியாவின் உண்மையைப் பிறகு அக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார். அண்ணை அங்கே போனதே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரேயொரு முறைதானாம். போய் இறங்கியதும் காய்ச்சல் வந்து, திரும்பும்வரை கம்பளிக்குள்ளேயே கிடந்தாராம்.

இப்போது இருவரும் மெல்பேர்ணில், டார்னெய்ட் பக்கம், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அண்ணைக்கு எண்பது தாண்டிவிட்டது. கார் கராஜில் நிற்கிறது, ஓடுகிறது, கூரை இன்னும் போடவில்லை. ஒவ்வொரு ஜூலையும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். "என்னடா, சிட்னியிலை குளிருதோ?" என்பார். இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே "இல்லை அண்ணை, இது குளிரோ?" என்று சொல்லுவேன். குளிருது என்று சொன்னால், மனிதர் தன் போர்வையை எடுத்து முன் சீட்டில் வைத்து, பெல்ட்டையும் போட்டுவிட்டு, எனக்குக் கொண்டுவந்து தர அந்தக் காரிலேயே புறப்பட்டுவிடுவார்.