உன் அக்கா கன்னத்தில் ஊசி படக்கூடாது

அன்பு மைத்துனர் டாக்டர் அவர்களுக்கு,

இங்கு நானும் உன் அக்காவும் நலம். உன் நலமும் உன் கிளினிக்கின் நலமும் அறிய ஆவல். நாள் முழுக்கத் தண்ணீர் வாரியத்துப் புகார் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் புகாரைக் கேட்கிறவன், இன்று நானே புகார் எழுதும்படி செய்துவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? கை கழுவியதும் கழுவாததுமாக ஒரு முகத்தை வரைந்து, தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு ஒரே விரிப்பு இல்லை, தனித்தனிப் பைகள், வயசானால் கன்னத்து எலும்பை ஒட்டிய ஆழத்துப் பை வற்றிவிடும், தாங்க ஆளில்லாமல் மேல்பை சரிந்து மூக்கோரம் மடிப்பு விழும், தாடையோரம் தொங்கும் என்று பாடம் எடுத்தாய். சரி, படித்தவன் சொல்கிறான் என்று நானும் தலையாட்டினேன். "இப்பல்லாம் ஊசியிலயே நிரப்பிடலாம்க்கா" என்று ஏன்யா முடித்தாய்?

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போச்சு. நான் பேப்பர் படித்தால் உன் அக்கா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். என்ன என்றால், "ஒண்ணுமில்ல, நீங்க படிங்க" என்கிறாள். பாவம், ஊசிக்கு என்னிடம் அனுமதி கேட்கத் தயங்குகிறாள் என்று புரிந்துகொண்டேன். நேற்று உன் கிளினிக்குக்கு போன் போட்டுப் பேசினது என் காதிலேயே விழுந்தது. "ரெண்டு கன்னமும்தாம்மா. ரொம்ப இறங்கிடுச்சு. தூங்கும்போதுகூட அழற மாதிரியே இருக்கு." அடப்பாவி! தூங்குறப்ப அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு அவகிட்ட யார் சொன்னது? நான் சொன்னேனா? சத்தியமா இல்ல!

மாப்ளே, நல்லா கேட்டுக்கோ. அந்தக் கன்னம் சரிஞ்சா சரியட்டும். கவுண்டர்ல ஊர்ப்பட்ட திட்டு வாங்கிட்டு வர்றவனுக்குக் கதவைத் திறக்கிற முகம் அது. அவ சிரிச்சா அந்த மடிப்புதான் முதல்ல சிரிக்கும். எனக்கு அது அப்படியே பிடிச்சிருக்கு. இத்தனை வருஷத்துல அவகிட்ட சொல்லாததை உன்கிட்ட சொல்றேன் பாரு, என் தலையெழுத்து! அதுல நீ ஊசி ஏத்தினே, அத்தான்னு சொல்லிக்கிட்டு இந்த வாசப்படி மிதிக்காதே. யாருக்கு வேணுமோ அவங்க மூஞ்சில போய்க் குத்து.

மற்றபடி, உன் மனைவிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நல்லா இருங்க.

ஆறாத கோபத்துடன்,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். அவள் போன் போட்டு ஊசிக்கு நேரம் வாங்கியது அவளுக்கு இல்லையாம், எனக்காம். இவ்வளவையும் படித்த பிறகாவது "உங்க மூஞ்சியும் எனக்குப் பிடிச்சுதான் இருக்கு" என்பாள் என்று காத்திருந்தேன். "வியாழக்கிழமை பத்து மணிக்கு, மறந்துடாதீங்க" என்றாள். ரொம்ப வலிக்குமா, மாப்ளே?