மாத்திரை வாடைக்கு ஓடும் புலி

நசரத்பேட்டை தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த பேனர் நின்றது. ஒரு புலி, அதன் முதுகில் கை வைத்தபடி ஒரு சாமியார். புலி சாந்தமாக இருந்தது. சாமியார்தான் உறுமுவது போல் இருந்தார். கீழே, 'காட்டில் புலி பெருகும்! உங்கள் குலமும் பெருகும்! வேங்கையானந்தா சுவாமிகளின் வம்ச விருத்தி பூஜை.'

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. நூம்பல் அடுக்குமாடிகளிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள். பாதிப் பேர் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை மாதிரி புலி அட்டை. நானும் இருந்தேன். பக்தியால் அல்ல. தங்கை ரேணுகாவைப் பருத்திப்பட்டு வீட்டிலிருந்து காரில் கொண்டுவந்து விடும் டிரைவர் நான். பிரசாதம் தீரும் வரை கிளம்பாத டிரைவர்.

ரேணுகாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, "நடுவில் மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, பலன் தெரிய ஆரம்பிச்சிருக்கு" என்றிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வேங்கையானந்தா வந்தார்.

அவர் திட்டம் எளிமையானது. காணிக்கை கட்டினால் உங்கள் பெயரில் காட்டில் ஒரு பெண் புலியைத் தத்து எடுப்பார். அதன் படத்தைத் தருவார். நீங்கள் பெயர் வைத்து, தினமும் விளக்கேற்ற வேண்டும். அது குட்டி போடும் சமயத்தில் உங்கள் வீட்டிலும் தொட்டில் ஆடும். ஒரே ஒரு பத்தியம், ஆஸ்பத்திரி மருந்து கூடாது. அந்த வாடைக்குப் புலி காட்டை விட்டே ஓடிவிடும்.

"பருத்திப்பட்டுல விழுங்குற மாத்திரை, சத்தியமங்கலத்துல எப்படி சாமி மணக்கும்?" என்று முதல் பூஜையிலேயே நான் கேட்டேன். "நம்பிக்கை உள்ள மூக்குக்கு மணக்கும்" என்றார். கூட்டம் கை தட்டியது. என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கே ரேணுகா மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

இன்று மேடையில் சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "பாரத தேசத்தில் புலிகள் பெருகிவிட்டதாக அரசாங்கமே அறிவித்துவிட்டது. எவர் தவத்தால் பெருகின?" என்று கேட்டுவிட்டு, வெட்கத்தோடு தலை குனிந்தார். மழையிலும் அட்டைக்கடியிலும் காட்டைச் சுற்றும் வனக்காவலர்கள் பாவம், தவம் செய்யத் தெரியாதவர்கள்.

ரேணுகா தன் புலிப் படத்தை மடியில் வைத்திருந்தாள். அவள் புலியின் பெயர் மல்லி. பக்கத்தில் ஆவடியிலிருந்து வந்த கமலம் என்ற அம்மாள், தன் மருமகளுக்காகக் காணிக்கை கட்டிய புலியைக் காட்டினார்.

"இதான் எங்க சிவகாமி. எம்மருமக இதுக்குப் பொட்டெல்லாம் வெச்சு விட்டிருக்கா பாரு கண்ணு."

ரேணுகா குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. "இது என் மல்லிம்மா."

"அதெப்படி? இது சிவகாமி."

"கன்னத்துல உடைஞ்ச வளையல் மாதிரி ஒரு வரி பாருங்க. மல்லிக்கு இடது பக்கம். இதுக்கு வலது பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். தினமும் பார்க்கிறேன்ம்மா, எனக்குத் தெரியாதா?"

எங்களோடு வந்திருந்த ரேஷ்மா, ரேணுகாவின் மாடி வீட்டுப் பெண், இரண்டு படங்களையும் வாங்கினாள். அவளுக்கு வேலை சாப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது. படங்களை முகத்தோடு முகம் ஒட்டி, பின்னால் போன் விளக்கைப் பிடித்தாள். வரி மேல் வரி அப்படியே உட்கார்ந்தது. நேரே மேடைக்குப் போனாள்.

"சாமி, இந்த ரெண்டும் வேற வேற புலிதானே?"

"வேறு வேறு, மகளே. ஒன்று முதுமலை, மற்றொன்று களக்காடு."

"ஒரே படத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கே?"

"இரட்டைப் பிறவிகள்!"

"ரெட்டையா இருந்தாலும் புலிக்குப் புலி வரி மாறும் சாமி, நம்ம கைரேகை மாதிரி. அதை வெச்சுத்தான் காட்டுல கணக்கே எடுக்கிறாங்க. சரி, ரெட்டைன்னே வெச்சுக்குவோம். காது மேல உக்காந்திருக்கே பட்டாம்பூச்சி, அதுவுமா ரெட்டை?"

 மண்டபத்தில் போன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எல்லோரும் பக்கத்து ஆளின் புலியோடு தங்கள் புலியைச் சேர்த்துப் பார்த்தார்கள். முந்நூறு குடும்பம். ஒரே புலி. ஒரே பட்டாம்பூச்சி.

சுவாமிகள் இமயமலையிலிருந்து சடாரென்று இறங்கி வந்தார். "இன்னாமா நீ, சும்மா நோண்டிக்கினு? நெட்ல அந்த ஒரு போட்டோதான் சோக்கா கீது. திருப்பிப் போட்டா ரெண்டாச்சு. நாலு பேரு அத்தப் பாத்து சந்தோசமா கீறாங்க. உனுக்கு இன்னா?"

முதல் முறையாக அவர் பேசியது எல்லோருக்கும் புரிந்தது.

ரேணுகா எழுந்தாள்.  "போட்டோ போகட்டும். மாத்திரையை ஏன் நிறுத்தச் சொன்னீங்க?"

"மாத்திர போட்டுக்கினே புள்ள பொறந்தா டாக்டருக்குத்தானம்மா பேரு? எனுக்கு இன்னா கெடைக்கும்?"

அதற்குள் கமலம் அம்மாள் மேடை ஏறிவிட்டார். "எம்மருமகளை ஊசி போட்டுக்கக் கூடாதுன்னு தடுத்தேனேடா, படுபாவி!" யாரோ போலீசுக்கு போன் செய்தார்கள். அந்தக் களேபரத்திலும் பின்வரிசையில் ஒருவர் விரலைத் தூக்கினார். "சரி சாமி, புலி போகட்டும். சிங்கம் ஏதாவது இருக்கா?"

பிரசாதத்தை விட்டுவிட்டு நான் காரை எடுத்தேன். என் வாழ்நாளில் இது பெரிய தியாகம்.

வழியில் ரேணுகா டாக்டருக்கு போன் செய்தாள். "மாத்திரையை நிறுத்திட்டேன் டாக்டர்... புலிக்காக." "எதுக்காக?" என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். பிறகு, நாளைக்கே வரச் சொன்னார்.

போனை வைத்தவள் மல்லியின் படத்தைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். அதன் கசங்கிய மூலையை நீவிவிட்டுப் பையில் வைத்தாள். "இது என்னண்ணா பண்ணும், பாவம்? நிஜமாவே காட்டுல புலி பெருகியிருக்கா?"

"பெருகியிருக்கு ரேணு. வேட்டையைத் தடுத்தாங்க. காட்டை விட்டுவெச்சாங்க. மான் பெருகுச்சு, புலியும் பெருகுச்சு. அதுக்காக யாரும் மாத்திரையை நிறுத்தலை."

பல மாதம் கழித்து இன்றுதான் என் தங்கை சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான்.

காட்டில் புலிகளை வரி வரியாக உற்றுப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள். அந்த இனம் பிழைக்கிறது. சாமியார்களையும் அதே மாதிரி உற்றுப் பாருங்கள். அந்த இனம் தானாக அழியும். அதற்குச் சரணாலயம் கேட்டு யாரும் மனுப் போட வேண்டாம்.